ஏர்வாடியார்: வாளும் மருந்தும்

இராமநாதபுர மாவட்டத்துக் கடலோரத்தில் ஏர்வாடி இருக்கிறது. துல்கஅதா மாதச் சந்தனக்கூட்டுக்கு அங்குச் செல்வோருள் பெரும்பாலோர், அடங்கியிருக்கும் சுல்தான் சையிது இபுறாஹீம் ஷஹீது (வலி) அவர்களை அரசராக எண்ணிச் செல்வதில்லை; பிணி தீர்ப்பவராக நாடியே செல்கின்றனர். முஸ்லிம்களோடு இந்துக்களும் திரளாக வருகின்றனர்.

மதீனாவிலிருந்து 12ஆம் நூற்றாண்டில் பாண்டி நாடு போந்து, விக்கிரம பாண்டியனை வென்று, பவுத்திரமாணிக்கப்பட்டினத்திலிருந்து ஆண்டு, பின்னர் மூண்ட போரில் ஷஹீதானார் என்பது வழிவழிச் செய்தி. இதனை நாம் பெறுவது பெரிதும் மக்கள் நினைவிலிருந்தும் காப்பியத்திலிருந்துமே. வண்ணக்களஞ்சியப் புலவர் 1821இல் பாடிய தீன் விளக்கம் இவரைப் பற்றியதே. சுலைமான் நபியைப் பற்றி இராஜநாயகம் பாடியவரும் அப்புலவரே. அரசரான நபியையும் வலியான அரசரையும் பாடிய அவரை நம் வகுப்பறைகள் சீறாப்புராணத்தின் நிழலிலேயே நிறுத்திவிட்டன என்பது என் குறை.

ஆயினும், காப்பியத்தின் போர்ச்சிறப்பை மட்டும் பேசி அமைதல் போதாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் வைகறையில், ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாது 28 பேர் மாண்டனர். அத்தகைய இல்லங்களுக்கு உரிமம் வேண்டும் என 1987ஆம் ஆண்டுச் சட்டம் முன்னரே கூறியிருந்தது, எவரும் கேட்கவில்லை. அச்சங்கிலி வலியார் இட்டதன்று. ஆனால் அவர் பெயரை நம்பி வந்தோர் மீது அவர் வாசலுக்கு அருகிலேயே இடப்பட்டது. கந்தூரி மலர்களில் இதனை எழுதத் தயங்குகிறோம்; ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுதலை வெளிப்படையாகவே தடுத்துவிட்டது. தர்காவில் துஆ ஓதுவதோடு மருத்துவரையும் நாடுதல் ஈமானுக்குக் குறைவு எனக் கருதும் பெரியோர் இன்னும் உளர். மருந்து தேடுதல் நபிவழி என்பதை அவர்கட்கு நினைவூட்டுதல் மரியாதைக் குறைவாகாது.

தமிழ்த்துறை அடுத்த ஆண்டு தீன் விளக்கத்தைப் பாடமாக வைக்குமாயின், அந்த 28 பேரைப் பற்றியும் அதே வகுப்பில் பேச வேண்டும் என்பதே என் கோரிக்கை.