வகுப்பை விட்டு நீங்காத தலைமை



உங்கள் பிள்ளைக்கு முதல் வகுப்பில் எழுத்தறிவித்த ஆசிரியையைச் சற்று நினைத்துப் பாருங்கள். இருபது ஆண்டுகள் அவர் அப்பணியைச் செவ்வனே ஆற்றினால் அவருக்கு நாம் அளிக்கும் பரிசு யாது? தலைமையாசிரியை என்னும் பதவி. அதன்பின் சம்பளப் பட்டியலும் மானியக் கோப்பும் ஆய்வாளர் வருகையுமே அவருடைய உலகம். பள்ளி ஒரு நல்ல ஆசிரியையை இழக்கிறது. பெறுவதோ பெரும்பாலும் ஒரு சுமாரான எழுத்தரை. இவ்வாறு எழுதுவதற்காகத் தலைமையாசிரியர்கள் என்மீது கோபங்கொள்ள வேண்டா. அவர்களுள் சிலர் என்னிடம் தனிமையில் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வகுப்பறையில் இருந்துகொண்டே பிற ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு ஒன்று உண்டாக்க இயலாதா? இயலும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. 2003-ஆம் ஆண்டு, திரு. எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள் சிலர் ஆந்திரத்து ரிஷிவேலிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கிராமப் பள்ளிகளில் பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே கூடத்தில், அவரவர் வேகத்தில், அட்டைகளைக் கொண்டு கற்பதைக் கண்டனர். திரும்பி வந்தவர்கள் சென்னைக்கேற்ற அட்டைகளைத் தாமே அமர்ந்து ஆக்கினர். முதலில் 13 பள்ளிகள். பின்னர் மாநகராட்சியின் தொடக்கப் பள்ளிகள் அனைத்தும்.

அவ்வகுப்பறையின் தோற்றமே வேறு. சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கரும்பலகைப் பகுதி. தலைக்கு மேல் கம்பிப் பந்தல். அதில் பிள்ளைகளின் படைப்புகள் தொங்கும். கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே கண்டு, உரிய அட்டையை எடுத்துக்கொள்ளும். ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் அமர்ந்தார். (நம் மக்தபில் இது புதுமையன்று. ஜுஸ்உ ஓதும் சிறுவன் அலிஃப், பே படிக்கும் சிறுவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும், உஸ்தாது பாயில் அமர்ந்து ஒவ்வொருவரின் பாடத்தையும் தனித்தனியே கேட்பதும் காலங்காலமாக உள்ளவைதாமே.)

ஆயினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது பாயும் பந்தலும் அல்ல. அந்த ஆசிரியர்கள் ஆணையை நிறைவேற்றுவோராக மட்டும் இருக்கவில்லை. பாடத்தை எப்படிப் பகுப்பது, எந்தப் படிக்குப் பின் எந்தப் படி என்பதை முடிவு செய்தவர்களும் அவர்களே. பிறர் வந்து கண்டு கற்றதும் அவர்களுடைய வகுப்பறைகளில்தான். பதவியின் பெயர் மாறவில்லை, மதிப்பு மாறியது.

2007 முதல் இம்முறை மாநிலம் முழுவதும் விரிந்தது. அங்கேதான் இடறல் நேர்ந்தது என்பது என் கருத்து. அட்டைப்பெட்டிகள் ஊர்தோறும் சென்று சேர்ந்தன. அவற்றை ஆக்கியவர்கள் அடைந்த அனுபவம் அவ்வளவு எளிதில் சென்று சேரவில்லை. தாம் ஆக்காத அட்டையைப் பலர் மேலிடத்து ஆணையாகவே கருதினர். பள்ளிகளுக்குத் துணைநிற்க வேண்டிய வட்டார வள மைய ஆசிரியப் பயிற்றுநர்களோ புள்ளிவிவரம் திரட்டுவதிலேயே தம் காலம் கழிகிறது என்று குறைபட்டுக்கொண்டனர். 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' வந்துவிட்டது. திட்டங்கள் மாறட்டும், அவற்றை ஆக்கும் இடத்தில் ஆசிரியருக்கு ஓர் இருக்கை உண்டா என்பதே என் வினா.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்து டோலிடோ நகரில் 1981-இல் மற்றொரு வழியைக் கண்டனர். தேர்ந்த ஆசிரியர்கள் சில ஆண்டுகள் மட்டும் வகுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டுப் புதிய ஆசிரியர்களுக்குத் துணைநிற்பர். தவணை முடிந்ததும் மீண்டும் வகுப்புக்கே திரும்புவர். உடன் பணிபுரிபவரின் வேலை நிலைக்குமா என்பது குறித்தும் அவர்களே அறிக்கை எழுத வேண்டும். மனம் கனக்கும் பொறுப்புத்தான். எனினும், வகுப்பிற்குத் திரும்பியாக வேண்டும் என்ற அந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இனி நம் வீட்டுக்கு வருவோம். ஜமாஅத்தார் நடத்தும் பள்ளிகளில் நிர்வாகக் குழு கூடும். கட்டடம், கட்டணம், ஆண்டுவிழா யாவும் பேசப்படும். பாடநூல் தேர்வு, புதிய ஆசிரியையின் பயிற்சி ஆகியவற்றைக்கூட வியாபாரிகளும் வக்கீல்களுமே தீர்மானிப்பர். அவர்களின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால், மஷூராவில் அமர வேண்டியவர் வெளி வராந்தாவில் தேநீருக்கு ஏற்பாடு செய்துகொண்டு நிற்பதை நான் கண்டிருக்கிறேன்.

நான் அறிந்த ஒரு பள்ளியில், பதினெட்டு ஆண்டுகளாக முதல் வகுப்பு நடத்தும் ஆசிரியை ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு சேர்ந்த இரு இளம் ஆசிரியைகள் பகலுணவு வேளையில் அவரிடம் வந்து ஐயம் கேட்டுச் செல்கின்றனர். தம் உணவை ஆறவிட்டு அவர் விளக்குகிறார். அவருக்கு நாள்தோறும் ஒரு பாடவேளை ஒழித்துத் தரவும், குழுக் கூட்டத்தில் அவரை அமரச் செய்யவும் வேண்டி, பெற்றோர் பதினொருவரின் கையொப்பத்துடன் நிர்வாகத்திற்கு ஒரு மனு கொடுத்துள்ளோம். அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் செயலாளர் கூறியிருக்கிறார். உங்கள் ஊர்ப் பள்ளியிலும் அத்தகைய ஆசிரியை ஒருவர் இருப்பின், அவர் எப்போது உண்கிறார் என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள்.