பரிசோதனை இருக்கட்டும், பாரங்கள் குறையட்டும்!

தோட்டத் தொழிலாளி ஒருவர் அரசாங்க அலுவலகத்துக்குப் போகிறார் என்றால், அன்றைய பால் வெட்டு போயிற்று என்று பொருள். விடியற்காலையில் மரத்தடியில் இருக்க வேண்டியவர் பட்டணத்து பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறார். "இந்தக் கடிதம் போதாது, இன்னொன்று கொண்டுவா" என்ற பதிலோடு திரும்புகிறார். மறுவாரம் இன்னொரு நாள் கூலி போகிறது. அவருக்குப் பாரம் எழுதிக் கொடுக்கும் கிராணிகளாகிய நமக்கு இந்தத் தொல்லை எங்கே பிறக்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

நம் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் வேனையே எடுத்துக்கொள்வோம். வண்டி நடத்தும் லைசென்சுக்கு ஒரு கதவு, சாலை வரிக்கும் டிரைவர் லைசென்சுக்கும் வேறொரு கதவு, ஆறு மாதத்துக்கொரு முறை வண்டிப் பரிசோதனைக்கு இன்னொரு கதவு. 2010-ல் நிலப் பொதுப் போக்குவரத்து ஆணையம் ஏற்பட்டது. 2019 சனவரியில் அது கலைந்து, வேலை போக்குவரத்து அமைச்சின் கீழ் போயிற்று. வாசலில் பெயர்ப்பலகை மாறியது. வரிசையில் நிற்பவரின் பாடு மாறவில்லை.

வைத்தியத்திலும் இதே கதைதான். தோட்டத்து மருத்துவ உதவியாளரைப் பதிவு செய்ய 1965-ம் ஆண்டுச் சட்டம் உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரி மூடப்பட்ட இடங்களில் நமக்குத் துணை பக்கத்துச் சிறு பட்டணத்துக் கிளினிக்தான். அதை நடத்த, டாக்டரின் ஆண்டுச் சான்றிதழ் ஓரிடம், 1998-ம் ஆண்டுச் சட்டப்படி கிளினிக்கின் பதிவு ஓரிடம், ஊராட்சி மன்ற லைசென்சு ஓரிடம். இந்த அலைச்சலுக்கு அஞ்சி டாக்டர் பெரிய நகரத்துக்கே போய்விட்டால் நஷ்டம் யாருக்கு? காய்ச்சலில் கிடக்கும் நம் குழந்தைக்கு.

அப்படியானால் சட்டமே வேண்டாம் என்கிறோமா? ஒருநாளும் இல்லை. 2013 ஆகஸ்டில் கெந்திங் மலைச் சாலையில் பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் மாண்டனர். 2025 சூனில் கெரிக் அருகே பஸ் கவிழ்ந்து 15 மாணவர்கள் உயிரிழந்தனர். அந்த பஸ்ஸின் பெர்மிட் வேறொருவருக்கு வாடகைக்கு விடப்பட்டிருந்தது பிறகு தெரியவந்தது. இதில் நமக்குப் பாடம் உண்டு. காகிதம் பெருகுவதால் உயிர் காக்கப்படுவதில்லை. பெர்மிட்டை அலமாரியில் பார்ப்பவர், வண்டியைச் சாலையில் பார்க்க வேண்டும். பிரேக்கைப் பார்க்க வேண்டும். டிரைவர் தூங்கி எழுந்தாரா என்று கேட்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பவை இவை: ஒரு முறை கொடுத்த பத்திரத்தை மற்றோர் இலாகா மறுபடி கேட்கக்கூடாது. விண்ணப்பத்துக்கு இத்தனை நாளில் பதில் என்று தவணை வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும். மாதம் ஒரு நாளாவது அதிகாரிகள் தோட்டப் பகுதிக்கு வரவேண்டும். மிச்சப்படும் ஆட்களைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

மனமிருந்தால் இது முடியும். 2023 பிப்ரவரி முதல் சொந்தக் காருக்குச் சாலை வரி வில்லை ஒட்டத் தேவையில்லை. கைபேசியில் காட்டினால் போதும் என்று அரசாங்கமே வழிவிட்டது. ஆனால் கைபேசியும் அலைவரிசையும் இல்லாத முதியவருக்கு மனிதர் உள்ள முகப்பும் இருக்க வேண்டும்.

தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். எந்தப் பாரத்துக்காக எத்தனை நாள் கூலி இழந்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கணக்கோடு கேட்டால்தான் நம் குரலுக்குக் கனம் உண்டு.