பன்றித் தீனி விற்ற பள்ளி ஆசிரியர்

1775-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் தேதி. இங்கிலாந்தின் வடபகுதியில், நிலக்கரிக்குப் பெயர்போன நியூகாஸில் நகரத்தில், தத்துவ சங்கம் ஒன்றின் கூட்டம் நடந்தது. தாமஸ் ஸ்பென்ஸ் என்ற 25 வயதுப் பள்ளி ஆசிரியர் எழுந்து ஒரு கட்டுரை படித்தார். நிலம் எந்தத் தனி மனிதருக்கும் சொந்தமல்ல. அந்தந்த ஊரில் வாழும் ஜனங்கள் அனைவருக்கும் பொது என்பதே அதன் சாரம். அதைப் படித்ததோடு அவர் நின்றிருந்தால் சங்கத்தார் மறந்தே போயிருப்பார்கள். ஸ்பென்ஸோ அதை அச்சடித்து, நம் ஊர்ச் சந்தைகளில் ஒரு காலத்தில் விற்ற காலணாப் பாட்டுப் புத்தகம்போல, வீதியில் கூவி விற்கச் செய்தார். சங்கம் உடனே அவரை வெளியேற்றியது. அவருடைய கருத்துக்காக அல்ல, அதைத் தெருவில் விற்றதற்காகவே இந்த நடவடிக்கை என்று விளக்கமும் சொல்லப்பட்டது.

கனவான்கள் நாலு சுவருக்குள் உட்கார்ந்து சொத்துரிமையைப் பற்றி எதை வேண்டுமானாலும் ஆராயலாம். அதே பேச்சு நிலக்கரி சுமக்கிறவன் கைக்குப் போய்ச் சேரக்கூடாது! இங்கிலாந்தின் துண்டுப் பிரசுரங்களுடைய கதை முழுவதும் இந்த ஒரு பயத்தைச் சுற்றியே நடக்கிறது.

பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பழைய இங்கிலாந்தில் பல கிராமங்களில் மந்தைவெளி இருந்தது. நிலத்தின் உரிமை பிரபுவின் பெயரில் இருந்தாலும், ஊரார் அங்கே மாடு மேய்க்கலாம், சுள்ளி பொறுக்கலாம். அது வழிவழியாக வந்த பாத்தியதை. அந்த வெளிகளை வேலியிட்டு அடைத்துத் தனிச் சொத்தாக்கும் வேலை சட்டத்தின் பெயராலேயே நடந்தது. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் இதற்கென்று நிறைவேற்றிய சட்டங்கள் 5,200-க்கும் மேல். அடைபட்ட நிலம் சுமார் 68 லட்சம் ஏக்கர். அந்தப் பாராளுமன்றத்தில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? பெரும்பாலும் நிலச்சுவான்தார்களே. தங்கள் வேலிக்குத் தாங்களே சட்டம் எழுதிக்கொண்டார்கள்.

ஸ்பென்ஸுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே இதை எதிர்த்து ஒருவர் எழுதியிருக்கிறார். 1649 ஜனவரியில் சார்லஸ் மன்னரின் தலை துண்டிக்கப்பட்டது. அதே ஏப்ரலில், லண்டனுக்குத் தென்மேற்கே ஸர்ரே மாவட்டத்தில் உள்ள செயின்ட் ஜார்ஜ் குன்றில் சில ஏழைகள் மண்வெட்டியுடன் ஏறி, தரிசைக் கொத்தி, காரட்டும் அவரையும் பயிரிட்டார்கள். அவர்களுக்காகப் பேனா பிடித்தவர் ஜெரார்ட் வின்ஸ்டன்லி. லண்டனில் துணி வியாபாரம் செய்து நொடித்துப்போய், கிராமத்துக்கு வந்து மாடு மேய்த்தவர். பூமி எல்லாருக்கும் பொதுக் களஞ்சியமாகப் படைக்கப்பட்டது. மன்னன் போய்விட்டான், ஆனால் அவனைத் தாங்கி நின்ற நிலப்பிரபு போகவில்லையே என்பது அவர் வாதம். அவர்களை விசாரிக்கத் தளபதி ஃபேர்ஃபாக்ஸ் அழைத்தபோது, தலையில் இருந்த தொப்பியைக் கழற்ற மறுத்துவிட்டார்கள். அவரும் தங்களைப்போல் ஒரு மனிதர்தாமே என்றார்கள்! தளபதி இவர்களை ஆபத்தானவர்களாக நினைக்கவில்லை. அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்குத்தான் பொறுக்கவில்லை. பயிரை மிதித்தார்கள், வழக்குப் போட்டு அபராதம் வாங்கித் தந்தார்கள். ஏழைகள் அருகிலிருந்த காபம் கிராமத்துக்கு இடம் மாறினார்கள். 1650 வசந்தத்தில் அங்கேயும் குடிசைகள் கொளுத்தப்பட்டன. முன்னின்று அதை நடத்தியவர் ஜான் பிளாட் என்ற பாதிரியார்.

வின்ஸ்டன்லி கேட்டது பெரும்பாலும் தரிசு நிலத்தை. ஸ்பென்ஸ் அதோடு நிற்கவில்லை. குத்தகைப் பணம் யார் பைக்குப் போகிறது என்று கேட்டார். அவர் திட்டப்படி, ஒரு ஊரின் நிலம் முழுவதும் ஊருக்குச் சொந்தம். உழ விரும்புகிறவர்கள் ஏலத்தில் குத்தகைக்கு எடுக்கலாம். அந்தப் பணத்திலிருந்து ஊரின் செலவும் சர்க்காரின் செலவும் போக, மீதியை ஆண், பெண், குழந்தை என்ற பேதமின்றித் தலைக்கு இவ்வளவு என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பங்கிட வேண்டும். எல்லா நிலத்தையும் ஒரே கையில் குவிக்காமல், ஏழைக்கு ஒரு துண்டு நிலம் கொடுத்து ஏமாற்றாமல், நிலம் விளைவிக்கும் வருமானத்தையே பொதுவாக்கிய இந்த யோசனை, அந்தக் காலத்துக்கு மிகத் துணிச்சலானது. பிரபுக்கள் கையைக் கட்டிக்கொண்டு நிலத்தை விட்டுக்கொடுப்பார்களா? இதற்கு ஸ்பென்ஸ் நம்பத்தக்க பதில் ஒருநாளும் தரவில்லை. ஊரார் ஒருநாள் கூடித் தீர்மானித்தால் போதும் என்ற எண்ணம் அவருக்கு.

பின்னர் லண்டனுக்குக் குடிபெயர்ந்த ஸ்பென்ஸ், தெருவோரத்தில் சூடான பானத்தோடு புத்தகங்களையும் விற்றுப் பிழைத்தார். 1790-இல் எட்மண்ட் பர்க் என்னும் பெரிய அரசியல்வாதி சாமானிய ஜனங்களைப் பன்றிக் கூட்டம் என்று எழுதிவிட்டார். ஸ்பென்ஸ் கோபிக்கவில்லை. 1793-இல் 'பன்றித் தீனி' என்ற பெயரிலேயே ஒரு பென்னி விலையில் வாரப் பத்திரிகை தொடங்கிவிட்டார்! வைத வார்த்தையையே கடைப் பலகையாக்கிய இந்தக் குறும்பு பர்க்கின் சொற்பொழிவுகளுக்குச் சரியான பதில். செப்புக் காசுகளில்கூடத் தம் கொள்கையைப் பொறித்துப் புழக்கத்தில் விட்டார். 1794-இல் விசாரணையே இல்லாமல் ஏழு மாதம் சிறை. 1801-இல் இன்னொரு பிரசுரத்துக்காக ஓராண்டு சிறை.

அந்த 1801 பிரசுரத்தில் ஸ்பென்ஸ் ஒரு சம்பவம் சொல்கிறார். ஒரு காட்டில் அவர் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது காவல்காரன் வந்து தடுத்தானாம். ஒரு அணில் பொறுக்கினால் இப்படி அதட்டுவாயா, அணிலுக்கு உள்ள பாத்தியதை எனக்கு இல்லையா என்று கேட்டிருக்கிறார் ஸ்பென்ஸ். இந்தக் காடு போர்ட்லண்ட் பிரபுவுக்குச் சொந்தம் என்றான் காவல்காரன். அப்படியானால் நாளைக்குப் பிரெஞ்சுக்காரன் படையெடுத்து வந்து, தேசத்தைக் காக்க வா என்று என்னைக் கூப்பிட்டால், எந்தத் தேசத்தை நான் காப்பது? ஒரு கொட்டை பொறுக்க உரிமையில்லாத இடம் எப்படி என் தேசம்? போர்ட்லண்ட் பிரபுவே துப்பாக்கி தூக்கட்டும் என்றாராம். காவல்காரனிடம் பதில் இல்லை. அரசாங்கத்திடம் சிறை இருந்தது.

மனிதனின் உரிமைகளுக்காக வாதாடிய தாமஸ் பெயினுடனும் அவருக்கு ஒத்துப்போகவில்லை. 1797-இல் பெயின் ஒரு திட்டம் வெளியிட்டார்: மரபுரிமையாக வரும் சொத்தில் ஒரு பங்கை எடுத்து, 21 வயதானவர்களுக்கு 15 பவுனும், 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வருஷம் 10 பவுனும் கொடுக்க வேண்டும். பிற்காலத்து முதியோர் உதவித்தொகைக்கு முன்னோடி என்று இதைப் பலர் புகழ்கிறார்கள்; புகழ்ச்சி நியாயமானதே. ஸ்பென்ஸுக்கு அது பிச்சையாகத் தோன்றியது. சொத்து முழுவதையும் பறிகொடுத்தவன் எலும்புத்துண்டுக்கு நன்றி சொல்ல வேண்டுமா என்ற ஆத்திரத்தில் அதே வருஷம் 'குழந்தைகளின் உரிமைகள்' என்ற பிரசுரம் எழுதினார். அதில் பிரபு வர்க்கத்தை எதிர்த்து வாதாடுகிறவள் ஒரு பெண். ஆண்கள் கையாலாகாதவர்கள், குத்தகையை வசூலிக்கப் பெண்களே கமிட்டி போடுவோம் என்கிறாள் அவள். பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத காலம் அது!

1814-இல் ஏழையாகவே ஸ்பென்ஸ் இறந்தார். மூன்று வருஷம் கழித்து, 1817-இல், பாராளுமன்றம் அவருடைய சீடர்களின் சங்கங்களைப் பெயர் குறிப்பிட்டே தடை செய்தது. தெருவில் காகிதம் விற்றவரின் சொல்லுக்கு, அவர் செத்த பிறகு ஒரு தேசத்தின் சட்டசபை செலுத்திய மரியாதை இது.

வின்ஸ்டன்லியின் ஆட்கள் காரட் போட்ட செயின்ட் ஜார்ஜ் குன்றில் இன்று கோடீஸ்வரர்களின் மாளிகைகளும் கோல்ஃப் மைதானமும் இருக்கின்றன. வாசலில் காவல் உண்டு. நியூகாஸில் கதை வேறு. ஸ்பென்ஸ் இளைஞராக இருந்தபோது, 1771-இல், அந்த நகரசபை டவுன் மூர் என்னும் பெரிய மேய்ச்சல் வெளியில் ஒரு பகுதியை அடைத்துக் குத்தகைக்கு விட முயன்றது. உரிமை பெற்ற நகரவாசிகள் எதிர்த்து நின்று, வழக்காடி, 1774-இல் தங்கள் மேய்ச்சல் பாத்தியதையைச் சட்டமாகவே எழுதி வாங்கிக்கொண்டார்கள். நகரத்தின் நடுவே ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர் விரிந்து கிடக்கும் அந்த வெளியில் இன்றும் மாடுகள் மேய்கின்றன.