பெரிய பொறுப்புக்குப் படிப்பது



நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கேட் தேர்வுக்குப் படிக்கிறார்கள். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் பட்டதாரிப் பயிற்சிப் பொறியாளராக (ஜி.இ.டி.) நுழைந்துவிட வேண்டும் என்பது கனவு. நுழைவார்கள். இருபத்தைந்து வருஷத்தில் ஒரு சுரங்கத்தையே நிர்வகிக்கும் இடத்துக்கும் வருவார்கள். அதற்கு அவர்களை எப்படித் தயார்செய்கிறோம்?

தொழில்நுட்பப் பக்கம் நம் ஏற்பாடு கறாரானது. பொறியியல் பட்டம் மட்டும் இருந்தால் சுரங்க மேலாளர் ஆகிவிட முடியாது. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் தேர்வில் தேறி முதல் வகுப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும். நெய்வேலியில் பொறுப்பின் கனம் இன்னும் கூடுதல். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நிலத்தடி நீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கிறது. ராப்பகலாக பம்புகள் ஓடினால்தான் சுரங்கத்தின் தரை தாங்கும். நைட் ஷிஃப்டில் பம்பு நின்றால் முதலில் எதைப் பார்ப்பது, யாரைக் கூப்பிடுவது என்பதை இளம் பொறியாளர் ஒரு பழைய ஃபோர்மேன் பக்கத்தில் நின்றுதான் கற்கிறார்.

ஊரோடு பேசுவதை யார் பக்கத்தில் நின்று கற்கிறார்?

2023 ஜூலையில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் நெல் நின்ற வயலில் என்.எல்.சி.யின் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்டது சென்னை உயர் நீதிமன்றம். கால்வாயின் ஆழத்தையும் சரிவையும் கணக்கிடத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர். பயிர் எப்போது அறுப்புக்கு வரும் என்று கேட்டு நாள் குறிப்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை என்றே நினைக்கிறேன்.

நிர்வாகப் பயிற்சியே இல்லை என்பதில்லை. என்.எல்.சி. பிறந்த 1956லேயே ஐதராபாத்தில் நிர்வாகப் பணியாளர் கல்லூரியும் தொடங்கியது. மூத்த அதிகாரிகளை அங்கும் ஐ.ஐ.எம்.களுக்கும் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். நல்லதுதான், ஆனால் பிந்தி வருகிறது. டிப்ளமா படித்து, மெட்ராஸ் மின்வாரியத்தில் வேலை பார்த்து, பொதுத்துறையின் பெல், மாருதி, எஃகு நிறுவனமான செயில் மூன்றையும் நடத்திய வி. கிருஷ்ணமூர்த்தியைப் பாருங்கள். 1985ல் செயிலுக்குப் போனதும் ஆலை ஆலையாகச் சென்று தொழிலாளர்களிடம் பேசினார். எதை முதலில் செய்வது என்ற திட்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. அப்படிப் பேசிக் கேட்பது ஐம்பது வயதுக்கு மேல் வகுப்பில் உட்கார்ந்து வரும் பழக்கமில்லை.

பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பொறியாளரும் முதல் வருஷத்திலேயே ஒரு மாதமாவது சேத்தியாத்தோப்பு அணைக்கட்டுப் பாசன ஊர்களில் தங்க வேண்டும் என்பது என் ஆசை. ஓய்வுபெற்ற பொறியாளர்களும் நிலம் கொடுத்த குடும்பத்தாரும் முதன்முதலாக எதிரெதிரே உட்கார்ந்து பேசிய அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரு தரப்பையும் பக்கம் பக்கமாகப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்