தாத்தாவின் நடை

கூடத்திலே தாத்தா நடந்து கொண்டிருக்கிறார். "தாத்தா, மணி என்ன?" என்று பேரன் கேட்கிறான். தாத்தா சட்டென்று நின்று விடுகிறார். நின்ற பிறகுதான் பதில் சொல்லுகிறார். பெரியவர் நிதானமானவர் என்று மெச்சிக் கொண்டு நாம் நம்முடைய காரியத்தைப் பார்க்கப் போய் விடுகிறோம்.

ஸ்வீடன் தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அப்படிப் போய் விடவில்லை. முதியோர் விடுதிகளில் வசித்த 58 பேருடன் கூடவே நடந்து பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். பதில் சொல்வதற்காக நின்று விட்டவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அந்தப் பன்னிருவரில் 10 பேர் கீழே விழுந்தார்கள்! இது 1997-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சிறிய ஆராய்ச்சிதான், நின்று பேசுகிற பெரியவரெல்லாம் விழுந்தே தீருவார் என்று கொள்ள வேண்டாம். ஆயினும், அந்த நிற்றலில் ஒரு செய்தி இருக்கிறது.

மனிதன் தடுமாறாமல் நிற்பதற்குக் கண், உட்செவி, பாதமும் மூட்டுகளும் ஆகிய மூன்றும் செய்தி அனுப்புகின்றன. அவற்றைச் சேர்த்துப் பார்த்துத் தசைகளுக்குக் கட்டளையிடுவது மூளை. மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நரம்பிழைகள் அதன் ஆழத்தில் வெண்மையாகப் பரந்து கிடக்கின்றன. அவற்றுக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் மிக நுண்ணியவை. கடைமடை வாய்க்கால் போன்றவை. முதுமையாலும், நெடுநாளைய இரத்த அழுத்தத்தாலும் அவை தடித்துக் குறுகினால், கடைமடைப் பயிர் வாடுவது போல் அந்த இழைகள் நலிகின்றன. அப்போது தானாக நடந்து வந்த நடைக்குக் கவனம் தேவைப்படுகிறது. கவனத்தைப் பேச்சு பிடுங்கிக் கொண்டால் கால் நிற்கிறது. நிற்கத் தவறினால் தடுமாறுகிறது.

"வயதாகி விட்டது, வேறென்ன?" என்று தீர்ப்புச் சொல்லி விடுவது நம் வீடுகளின் வழக்கம். இந்தத் தீர்ப்பில் நமக்குச் சம்மதமில்லை. தூக்க மருந்தினாலும் தடுமாற்றம் வரலாம்; எழுந்து நின்றதும் இரத்த அழுத்தம் இறங்குவதாலும் வரலாம்; பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவினாலும் வரலாம். மூளையின் அறைகளில் நீர் மிகுந்து நடை, ஞாபகம், சிறுநீர்க் கட்டுப்பாடு மூன்றும் கெடுகிற நோய் ஒன்றுண்டு. கொலம்பியா நாட்டு டாக்டர் ஸாலமோன் ஹக்கீம் 1965-ல் இதை உலகறியச் செய்தார். நீரை வடித்து விட்டால் பலருக்கு நடை திருந்துகிறது. பரிசோதிக்காமல் வயதின் மேல் பழி போட்டால், தீரக்கூடிய நோயும் தீராமலே போகும் அன்றோ?

இன்னொரு தவறு அன்பினால் நேருவது. "அப்பா, நீங்கள் அசையவே வேண்டாம்" என்று சாய்வு நாற்காலியில் உட்கார்த்தி விடுகிறோம். உட்கார்ந்த கால் வலுவிழக்கிறது. வலுவிழந்த கால் இன்னும் எளிதில் விழுகிறது. நிலை தவறாதிருப்பதற்கான பயிற்சிகளை முறையாகச் செய்கிற முதியோரிடையே விழுதல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவதாகப் பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் காண்கிறார்கள். நாற்காலியைப் பிடித்துக் கொண்டு நின்று பழகுவதிலிருந்து அதைத் தொடங்கலாம். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். இரத்த அழுத்தத்தை வைத்தியர் சொல்லும் அளவில் வைத்திருப்பதும் அவசியம். குளியலறையில் ஈரமில்லாத தரையும் சுவரில் பிடிப்புக் கம்பியும், இரவில் ஒரு சிறு விளக்கும், நடைபாதையில் சுருண்டு கிடக்காத மிதியடியும் பெரிய செலவல்ல.

ஊன்றுகோல் எடுக்கப் பெரியவர் வெட்கப்படலாம். குழந்தை தத்தித் தத்தி நடந்தபோது வீடு முழுவதும் கை தட்டியது. முதியவர் தத்தி நடந்தால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்? பேரனுக்கும் நாம் சொல்லி வைப்போம்: மணி கேட்பதானால், தாத்தா உட்கார்ந்த பிறகு கேட்கட்டும்.