“என்ன செய்யணும்னு சொல்லுங்க தோழர்”

என் இணையரும் இயக்கத்துக்காரர்தான். தாலி இல்லாமல், சாதி பார்க்காமல், உறுதிமொழி வாசித்து மணந்துகொண்டவர்கள் நாங்கள். குழந்தை பிறந்து பதினைந்து மாதம் ஆகிறது. இந்தப் பதினைந்து மாதத்தில் அவர் என்னிடம் அதிகம் சொன்னது, “என்ன செய்யணும்னு சொல்லுங்க தோழர், செஞ்சிடறேன்” என்பதுதான்.

சொன்னால் செய்துவிடுவார். பாத்திரம் கழுவுவார், குழந்தையின் மலத்துணி அலசுவார். ஆனால் சொல்வது யார் வேலை? ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போட்டாயிற்று, அடுத்த தவணை பதினாறாம் மாதத்தில் என்பது என் தலையில் இருக்கிறது. தடுப்பூசி அட்டை எந்தப் பையில் இருக்கிறது, கேழ்வரகு மாவு எத்தனை நாளைக்கு வரும், நேற்று இரவு காய்ச்சல் மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தோம், எல்லாம் அங்கேதான். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியைத் தொடங்கி முடிப்பதற்குள் இவ்வளவும் ஓடிவிடும். கை சும்மா இருந்தாலும் தலை சும்மா இருப்பதில்லை.

கைவேலைக்காவது ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்றிய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டுவேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். அந்த 97ஐப் பார்த்து மகிழ வேண்டாம். அது வீட்டுவேலை செய்த ஆண்களின் சராசரி மட்டும். செய்தவர்களே நான்கில் ஒருவர்தான்.

களைத்துப்போன அம்மாக்களுக்கு அறிவுரைக்குப் பஞ்சமில்லை. உனக்கென்று அரைமணி நேரம் ஒதுக்கு, மூச்சுப்பயிற்சி செய், முடியாவிட்டால் வேலைக்கு ஓர் ஆள் வைத்துக்கொள். நம் முற்போக்குத் தோழிகளும் இந்தக் கடைசி யோசனையைக் கூசாமல் சொல்கிறார்கள்.

அந்த ‘ஆள்’ எங்கிருந்து வருகிறார் என்று எனக்குத் தெரியும். என் அம்மாதான் அந்த ஆள். எனக்கு இரண்டு வயதில் என்னைச் சேரியில் ஆயாவிடம் விட்டுவிட்டு, டவுனில் ஒரு வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டப் போனவர். அந்த வீட்டம்மா வேலைக்குப் போய்வந்தார். அவருடைய களைப்பை என் அம்மாவின் முதுகு வாங்கிக்கொண்டது. குழந்தையைத் தொட்டுத் தூக்கலாம். காபி மட்டும் கொல்லைப்புறத்தில் தனி டம்ளரில். “நம்ம வீட்டு மனுஷி மாதிரி” என்றுதான் அவரைச் சொல்வார்களாம்.

இன்று அதே அம்மா, பார்த்துக்கொண்டிருந்த மூன்று வீட்டு வேலையை விட்டுவிட்டு என் குழந்தையைத் தூக்கிச் சுமக்கிறார். மூட்டுவலியோடு. என் முனைவர் பட்டம் அந்த மூன்று வீட்டுக் கூலியில்தான் எழுதப்படுகிறது. மாதம் ஒரு தொகை தருகிறேன் என்றேன். “எம் பேத்தியப் பாக்கறது வேலையா பாப்பா?” என்று இரண்டு நாள் பேசவில்லை. தர நினைத்த உதவித்தொகையும் மாதக்கணக்கில் வந்து சேரவில்லை என்பது வேறு கதை. நான் இறக்கி வைத்த சுமை எங்கும் போய்விடவில்லை, அம்மாவின் இடுப்புக்கு மாறியிருக்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பெண் தொழிலாளிக்குப் பேற்றுக்கு முன்னும் பின்னும் ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதன் செலவைப் பெருமளவு அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகப்போகிறது. 2017இல் திருத்திய பேறுகாலச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. மூன்று வீட்டில் தனியாளாக வேலை செய்தவருக்கு எந்த 50? ஆய்வு மாணவியான நானோ ஊழியரே இல்லை. யுஜிசி விதியில் 240 நாள் வரை விடுப்பு உண்டு. அதற்கு எழுதிக் கொடுத்தபோது நெறியாளர் கேட்ட முதல் கேள்வி, “அப்போ ஆய்வ எப்பம்மா முடிப்ப?” அங்கன்வாடியில் பொதுவாக இரண்டு வயதுக்குப் பிறகே சேர்க்க முடியும். அங்கே பிள்ளைகளைப் பார்ப்பவருக்கும் ஒன்றிய அரசு தருவது ஊதியம் இல்லை, ‘மதிப்பூதியம்’. அடுத்தவர் பிள்ளையைப் பார்ப்பதைக்கூட அரசு வேலையென்று ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே எனக்கு மூச்சுப்பயிற்சி வேண்டாம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஏற்கும் முழுநாள் காப்பகம் வேண்டும். அங்கே வேலை செய்பவருக்கு முழுச் சம்பளமும் பேறுகால விடுப்பும் வேண்டும். என் ஓய்வு இன்னொரு சேரிப் பெண்ணின் முதுகில் ஏறக் கூடாது.

அரசிடம் கேட்பதை நம்மிடமும் கேட்கிறேன். சில மாதம் முன்பு, பெண் விடுதலை பற்றிய ஓர் அரங்கக் கூட்டத்தில் என் இணையர் பேசினார். பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலை முன்வைத்து நன்றாகவே பேசினாராம். அழுத குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கைத்தட்டல் மட்டும் கேட்டது. ஒலிபெருக்கிக்கும் தேநீருக்கும் பொறுப்பாளர் போட்ட தோழர்களுக்கு, குழந்தைகளுக்கு ஓர் அறையும் அதற்கு ஓர் ஆண் தோழரும் வேண்டும் என்று தோன்றவில்லை.

போன வாரம் தடுப்பூசி அட்டையை அவரிடம் கொடுத்துவிட்டேன். “என்னைக்குப் போகணும் தோழர்?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அட்டையில் தேதி எழுதியிருக்கிறது.