ஆறு பல் கூடினால் கௌரவம் குறையுமா?

சென்ற மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, நம் சங்கத்து இளைஞர்கள் சிலர் பொங்கல் விடுமுறையில் எர்ணாகுளத்திலிருந்து போடிக்குச் சைக்கிளிலேயே போய்வரத் திட்டமிட்டிருப்பதாகச் சொன்னார்கள். கேட்கவே மகிழ்ச்சியாக இருந்தது. நம்மில் பலர் சிறுவயதில் பஸ் ஜன்னலோரம் தலை சுற்றியபடி கடந்து வந்த வழி அது. பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய நண்பர் ஒருவர் நின்றிருந்தார். சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன பிறகு சைக்கிள் வாங்கியவர். "பின்னால் கொஞ்சம் பெரிய பல்சக்கரமாகப் போட்டுக்கொண்டால் நானும் வருவேன்" என்றார். "அங்கிள், அது வயசானவங்க போடுற கியர்" என்றான் ஒரு பையன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அதன்பின் பயணத்தைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

அந்தச் சிரிப்பு சரியில்லை என்பது என் கருத்து. ஏன் சரியில்லை என்பதைக் கணக்கோடு சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. நம் அப்பாக்கள் ஓட்டிய சாதாரண சைக்கிளில் முன்னால் பெரும்பாலும் 44 பல் செயின் வீல், பின்னால் 18 பல் ஃபிரீவீல் இருக்கும். பெடலை ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். சமதளத்துக்கு அது நல்ல அளவு. மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இன்று பிள்ளைகள் வாங்கும் ரோடு சைக்கிளில் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் எட்டு முதல் பன்னிரண்டு வரை அடுக்கடுக்காகச் சிறிதும் பெரிதுமாகப் பல்சக்கரங்கள். அந்த அடுக்குக்குக் கேசட் என்று பெயர். 11-28 என்றால் அதில் மிகச் சிறியதற்கு 11 பல், மிகப் பெரியதற்கு 28 பல் என்று பொருள். பின்னால் பல் கூடக் கூட மிதி இலேசாகும். வண்டி நகரும் தூரம் குறையும்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். முன்பு பந்தய வண்டிகளில் வழக்கமாக இருந்த அமைப்பில் மிக இலேசான கியர் முன்னால் 39, பின்னால் 25. ஒரு மிதிக்கு 3.3 மீட்டர். இப்போது பரவலாகக் கிடைக்கும் வண்டிகளில் முன்னால் 34 பல் சக்கரம் இருக்கும். அதோடு பின்னால் 28 சேர்ந்தால் ஒரு மிதிக்கு 2.55 மீட்டர், 34 சேர்ந்தால் 2.1 மீட்டர்.

ஆளும் வண்டியுமாக 85 கிலோ, சாலையில் 8 சதவீத ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி அதிகம் இல்லாத நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நெடுநேரம் தாக்குப் பிடிக்கக்கூடிய சக்தி 150 வாட் அளவில் இருக்கும். அந்தச் சக்தியில் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம்தான் கிடைக்கும். எந்தக் கியர் போட்டாலும் அந்த வேகம் மாறாது. மாறுவது மிதிக்கும் விதம். 39-25ல் நிமிடத்துக்கு 38 சுற்றுதான் மிதிக்க முடியும். ஒவ்வொரு மிதியும் அம்மிக்கல்லை நகர்த்துவது போல இருக்கும். 34-28ல் 49 சுற்று. 34-34ல் 60 சுற்று. அதே மலை, அதே ஆள், அதே வேகம். ஆனால் 39-25ல் முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான அழுத்தத்தைத் தாங்குகிறது. வலி அன்றைக்கே தெரியாமல் போகலாம். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தெரியும்.

பிள்ளைகள் போகப்போகும் பாதையையே எடுத்துக்கொள்வோம். நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். அடிமாலி, மூணாறு, தேவிகுளம், பூப்பாறை என்று ஏறியும் இறங்கியும் போய், போடிமெட்டில் மாநில எல்லையைத் தொட்டு, 17 கொண்டை ஊசி வளைவுகளில் போடிக்கு இறங்குகிறோம். போகும்போது அது சுகம். திரும்பி வரும்போதுதான் சோதனை. அடிவாரத்திலிருந்து போடிமெட்டுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். அதற்குள் ஏற வேண்டிய உயரம் ஏறத்தாழ 1,000 மீட்டர். சராசரி ஏற்றம் 5 சதவீதம் என்று காகிதத்தில் சாதுவாகத் தெரியும். ஆனால் வளைவுகளின் உட்புறத்தில் சாலை சட்டென்று நிமிர்ந்து நிற்கும். இலேசான கியர் கையில் இல்லாதவர் நின்றுபோவது அங்கேதான். பின்னால் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது தடுமாறுவது அவமானம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவு என்பதே சாலைக்குப் போட்ட கியர்தானே! மலையின் உயரத்தை யாராலும் குறைக்க முடியாது. தூரத்தை நீட்டிச் செங்குத்தைக் குறைத்தார்கள். கேசட்டில் பெரிய சக்கரம் செய்வதும் அதே வேலைதான். இரண்டுமே ஏறுகிறவனுடைய சக்திக்குத் தக்கபடி மலையைப் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. அந்தச் சாலையில் பஸ் டிரைவர் கியரைக் குறைக்கும்போது பயணிகள் யாரும் சிரிப்பதில்லை. குறைக்காவிட்டால்தான் பயப்படுவார்கள்.

அதற்காக எல்லோரும் எல்லா இடத்துக்கும் 34 பல் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பாலக்காட்டிலிருக்கும் நம் அன்பர்களுக்கு வேறு கணக்கு. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் விலகி நிற்கும் கணவாய் அது. வாளையாறு வழியாகக் கோவை போகும் சாலையில் சொல்லிக்கொள்ளும்படியான மேடு கிடையாது. அங்கே காற்றுதான் மலை. தென்மேற்குப் பருவ மாதங்களில் கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு மிதித்து வந்தவர்களுக்கு அது தெரியும். கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. மார்கழி, தை மாதங்களில் காற்று திசை மாறிக் கிழக்கிலிருந்து அடிக்கும். எதிர்காற்றில் வேண்டியது மிகப் பெரிய பல்சக்கரம் அல்ல, நெருக்கமான படிகள். 11-34 கேசட்டில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் பல் வித்தியாசம் அதிகம். ஒன்றில் மிதி கனமாக இருக்கும், அடுத்ததில் கால் வெறுமனே சுழலும். 11-25 போன்ற அடுக்கில் ஒவ்வொரு பல்லாக மாற்றிக் காற்றுக்கு ஏற்ப மிதிக்கலாம். ஆனால் அதே பாலக்காட்டுக்காரர் நென்மாறை தாண்டிப் போத்துண்டி அணையிலிருந்து நெல்லியாம்பதிக்கு ஏற நினைத்தால், இடுக்கிக்காரரின் கேசட்டைத்தான் மாட்ட வேண்டும். ஆக, கேசட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது போகிற பாதை. கடைக்காரரோ கௌரவமோ அல்ல.

"வயசானவங்க கியர்" என்ற கேலி புதிதுமல்ல. பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிரான்ஸ், கியர் மாற்றும் கருவியெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று 1902-ல் எழுதினார். தசைவலிமையால் வெல்வதே வீரம் என்பது அவர் எண்ணம். அந்தப் பந்தயத்தில் மலை வந்தால் வீரர்கள் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். சக்கரத்தின் மறுபக்கத்தில் பெரிய பல் இருக்கும். 1937-ல்தான் கியர் மாற்றும் கருவி எல்லோருக்கும் அனுமதிக்கப்பட்டது. இன்று உலகத்தின் மிகச் சிறந்த வீரர்களே செங்குத்தான மலைகளில் 30 பல்லுக்கு மேற்பட்ட பின்சக்கரங்களைத் தயங்காமல் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத வெட்கம் நமக்கெதற்கு?

புறப்படும் பிள்ளைகளுக்குச் சில யோசனைகள். கேசட் மாற்றுமுன் பின்னால் தொங்கும் டீரெய்லரைப் பாருங்கள். கை குட்டையாக உள்ள வகைகளில் பல, 28 அல்லது 30 பல்லுக்கு மேல் தாங்கா. 34 போட நீண்ட கை வேண்டும். பெரிய சக்கரம் போட்டால் செயினின் நீளமும் போதுமா என்று பார்க்க வேண்டும். குறைவான செயினோடு ஓட்டினால் டீரெய்லரே முறிந்துவிடும். வளைவுக்குள் நுழைந்தபிறகு முழுப் பலத்தோடு மிதித்துக்கொண்டே கியர் மாற்றாதீர்கள். நாலு மிதி முன்னதாகவே மாற்றிவிடுங்கள். இடம் இருந்து, எதிரே வண்டி இல்லையென்று நன்றாகத் தெரிந்தால் மட்டும் வளைவின் வெளிப்புறமாகப் போங்கள். அங்கே ஏற்றம் குறைவு. இறக்கத்துக்கு மட்டும் பஸ்காரர்கள் பாடம் உதவாது. ஏறின கியரிலேயே இறங்கு என்பார்கள். சைக்கிளில் ஃபிரீவீல் இருப்பதால் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து இறங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே மாட்டி ஓட்டிப் பாருங்கள்; அடிவாரத்தில் நின்று பரிசோதனை வேண்டாம்.

சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். கேசட் கழற்றும் சாவியும் அதற்கான செயின் பிடியும் அதிக விலையுள்ளவை அல்ல. ஒரு ஜோடி வாங்கிச் சங்கத்தில் வைத்தால், சமதளத்துக்கு ஒன்றும் மலைக்கு ஒன்றுமாகக் கேசட் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து தாங்களே மாற்றிக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கும் கைவேலை பழகும்.

கடைசியாக, அன்று சிரித்த தம்பிக்கு. நீ 28 பல்லோடு ஏறு. உன் கால் இளங்கால், ஏறிவிடும். ஆனால் அந்த அங்கிளை 34 பல்லோடு வரவிடு. அவர் உனக்கு அரை மணி நேரம் பின்னால் வரலாம். போடிமெட்டில் டீக் குடித்தபடி கீழே தேனிச் சமவெளியைப் பார்த்துக்கொண்டு காத்திரு. மலை ஏறினவர்களை "ஏறினாயா" என்றுதான் ஊரில் கேட்பார்கள். எத்தனை பல்லில் ஏறினாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை.